வேலிக்குள் வெந்நீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் மலையில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. மண் சரிகிறது என்று நிர்வாகம் அதைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே நுழையக் கூடாது என்று மலாயில் பலகையும் மாட்டிவிட்டது. அந்த வேலியின் கேட்டுக்குக் காவல் என் வீட்டுக்காரர். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு வழிதவறி வரும் கார்களை எல்லாம் திருப்பி அனுப்புவார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என்னையும் அல்லவா திருப்பி அனுப்பினார்!

எனக்கு முட்டி வலி. சரிவில் நின்று கொழுந்து வெட்டி வெட்டி, விடியற்காலைக் குளிரில் இரண்டு காலும் கட்டையாகிவிடும். மலை ஏற முடியாமல் போனால், ஈப்போவில் இருக்கும் மகள் என்னை அழைத்துப் போய்த் தன் அடுக்குமாடி வீட்டில் உட்கார வைத்துவிடுவாள். அந்த வெக்கையில் என்னால் இருக்க முடியாது. ஊற்றில் காலை வைத்தால் வலி விடும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"முடியாதுலா. உன்ன விட்டா நாளைக்கு லயமே வந்து நிக்கும்."

"நான் உங்க பொண்டாட்டிங்க."

"அதனாலதான் முடியாதுங்கறேன்."

இந்த மனிதரோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினேனோ! சில நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு வேலை முடிந்து வரும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஒரு டின் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். ஊற்றுத் தண்ணீராம். வீடு வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். அதைக் காய்ச்சிக் காலை ஊற வைப்பேன். கேஸ்தான் தீர்ந்தது. ஆனாலும் வலி குறைந்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு வாளி கொடுத்தேன். அவரும் கால் லேசாகிவிட்டது என்றார்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஊத்துல எந்தப் பக்கம் மொள்றீங்க?"

"உள்ள போய் எடுக்க முடியுமா? வேலிக்கு வெளிய, கீழ ஆத்தோட வந்து கலக்குதுல்ல, அங்கதான். வெளிய வந்துட்டா யாரு வேணாலும் எடுக்கலாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். அத்தனை நாளும் வெறும் ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, பயபக்தியோடு காலில் ஊற்றியிருக்கிறேன்!

மறுநாள் வீம்புக்கென்றே குச்சியை ஊன்றிக்கொண்டு கேட் வரைக்கும் ஏறினேன். உள்ளே பாறைகளுக்கு நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் பூட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தோட்டத்துத் துரை சொன்னா திறக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

அவருக்கும் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. தன் காவல் கொட்டகைக்குள் போய், தன் காப்பிக்கு வைத்திருந்த வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்து வந்தார். என் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, துண்டை நனைத்துப் பிழிந்து ஒரு முட்டியில் ஒத்தடம் கொடுத்தார்.

"சூடு போதுமா?"

அவர் இடுப்பில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஆளை அப்படியே தூக்கி அந்த ஊற்றுக்குள் போட வேண்டும்போல் எரிச்சலாக இருந்தது.

"இந்தக் காலுக்கும்," என்றேன்.