பிள்ளைப்பாக்கத்துத் தண்ணீரை லேசரில் எண்ணிய சனிக்கிழமை

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒரகடம் பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் தம்பி முத்து அங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இன்னொரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவன் மனைவி ஜெயாவுக்கு ஐந்தாவது மாதம். இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. "இந்த போர் தண்ணிதான் காரணம். வந்து அவள ஊருக்குக் கூட்டிட்டுப் போக்கா" என்று போனில் நச்சரித்தான்.

இரவு பஸ்ஸில் கிளம்பினால் காலையில் சென்னை கிளாம்பாக்கம் நிலையம். அங்கிருந்து படப்பை வழியாக ஒரகடத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்து ஏறிவிட்டேன், வழி முழுக்க நின்றுகொண்டே போனேன். நீங்கள் ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் இருக்கும் வாடகை வீட்டில் ஜெயா பையைக் கட்டவில்லை. "தண்ணிய டெஸ்ட் பண்ணுவோம் மைனி. கெட்டதுன்னு வந்தா நானே வாரேன்" என்றாள். அவளோடு முன்பு ஹாஸ்டலில் தங்கியிருந்த சுதா, வல்லம் வடகாலில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். தொழிற்சாலைகளில் பாகங்களைக் கழுவும் தண்ணீரில் தூசி இருக்கிறதா என்று பார்க்கும் இடம்.

முத்து ஓ.டி.க்குப் போய்விட்டதால் நாங்கள் இருவரும் ஆட்டோவில் போனோம். ஏழெட்டு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். "இன்னா மேடம், தண்ணி பாட்டில கொழந்த மாரி மடில வெச்சிகினு வர்றீங்க?" என்று கேட்டார் ஓட்டுநர். பரிசோதனைக்கு என்றேன். "எங்க வூட்லயும் அதே தண்ணிதான். நல்லாத்தான் கீறோம்" என்றார். எனக்கு அங்கேயே குழப்பம் தொடங்கிவிட்டது.

சுதா அந்தத் தண்ணீரை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ஓடவிட்டாள். குழாயின் குறுக்கே ஒரு சிவப்பு லேசர் ஒளி. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று கடக்கும்போதெல்லாம் ஒளி சிதறுமாம். சிதறலை எண்ணினால் எத்தனை துகள், என்ன அளவு என்று தெரியுமாம். பளிங்கு மாதிரி இருந்த தண்ணீருக்குத் திரையில் எண் ஆயிரக்கணக்கில் ஏறியது.

"ஜெயா, கிளம்பு" என்றேன்.

"இருங்கக்கா, ஆட்டோல குலுங்கி வந்துருக்கு. காத்துக் குமிழியக்கூட இது துகள்னுதான் எண்ணும்" என்றாள் சுதா. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து மறுபடி ஓட்டினாள். எண் பாதிக்கும் கீழே இறங்கியது.

எனக்கு விடவில்லை. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த தண்ணீர் பையில் மிச்சம் இருந்தது. தாமிரபரணித் தண்ணீர். அதையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் போர் தண்ணீரைவிட அதிகம் வந்தது!

"நீங்க வாய் வெச்சுக் குடிச்ச பாட்டிலா? அப்போ எதுன்னே சொல்ல முடியாது" என்று சுதா சிரித்தாள். பிறகு, "இது எண்ணிக்கைதான் சொல்லும்க்கா. மண்ணா, கிருமியான்னு சொல்லாது. கரைஞ்ச உப்பு இதுக்குத் தெரியவே தெரியாது. அதுக்கெல்லாம் வேற டெஸ்ட்" என்றாள். அந்தச் சோதனைகளுக்காகச் சுத்தமான கண்ணாடி பாட்டில் ஒன்றும் கிருமி நீக்கிய பாட்டில் ஒன்றும் கொடுத்து, குழாயிலிருந்து நேராகப் பிடித்துவரச் சொன்னாள்.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். நல்லதா கெட்டதா என்று கேட்க வந்தவளுக்குக் கிடைத்தது மூன்று எண்கள். மூன்றும் மூன்று விதம். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "நீ என்னதான் நினைக்கே?" என்று ஜெயாவைக் கேட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு வளைகாப்பு வரைக்கும் வேலைக்குப் போவணும் மைனி. இப்ப லீவு போட்டா லைன்ல வேற ஆளப் போட்டுருவாவ. உங்க தம்பி தண்ணியப் பத்தியே பேசுதாவ. என்னைய ஒரு வார்த்த கேக்கல." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நானும்தான் கேட்கவில்லை. பஸ் ஏறி அறுநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

அன்று மாலை முத்து வந்ததும் இதை அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவளை ஊருக்கு அனுப்பும் பேச்சை அத்தோடு விட்டான்; திங்கட்கிழமை சுதா கொடுத்த பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவன்தான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது: கிருமி இல்லை, உப்பு அதிகம். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி, கொதிக்க வைக்கிறார்கள். வயிற்றுப்போக்கு எதனால் வந்தது என்று மருத்துவருக்கே தெரியவில்லை.

நீங்கள் தண்ணீர் கொடுக்கப் போனால் பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். அந்தச் சிவப்பு ஒளியைக் கடந்து போனவை என்னவென்று எனக்கு இன்னமும் தெரியாது. ஜெயா வளைகாப்புக்கு ஊருக்கு வருவாள். தேதியை அவள்தான் சொல்வாள்.