பாய்மரக் கப்பலின் கனம்

கடலையே பார்த்திராத என் அப்பாவிடம் போய்க் கப்பல் செய்யச் சொன்னார் சுரங்கத்துத் துரை. தங்கவயலில் இது ஆச்சரியமில்லை. மண்ணுக்குள் இறங்கி வேலை வாங்கிய அவரையே எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். தம் தாத்தா காலத்துப் பாய்மரக் கப்பலின் படத்தைக் கொடுத்து, அச்சு அசலாக அதே மாதிரி, கையில் தூக்கும் அளவில் வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் அது தண்ணீரில் ஓடவும் வேண்டும் என்றாராம்.

அப்பா ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழிக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் தச்சர். இரண்டு மாதம் வீட்டில் கப்பல் பேச்சுதான். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பாய்களைத் தைத்துக் கொடுத்தாள். கயிற்றை இழுத்தால் அவை ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். அவள் கணவர், என் மாமா, நான் பிறக்கும் முன்பே தென்னாப்பிரிக்காவில் நெட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். ஐந்து வருஷ ஒப்பந்தக் கெடு முடிந்தும் ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. அவர் போனதும் இந்த மாதிரிக் கப்பலில்தான் என்று அப்பா சொன்னதிலிருந்து அத்தை அதைவிட்டு நகரவில்லை.

குட்டையில் விட்டுப் பார்த்த அன்று, காற்றுப் பட்டதும் கப்பல் ஒருக்களித்துக் கவிழ்ந்தது. சுரங்கத்தில் பாரமெல்லாம் மேலிருந்துதான் வரும்; அந்தப் பழக்கத்தில் அப்பா மேலே தடித்த தேக்கைப் போட்டு அடியை வெறுமையாக விட்டிருந்தார். நான் கைகொட்டிச் சிரித்தேன். அத்தை புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கி வந்தாள்.

அப்பா அடியில் கல் சில்லுகளை நிரப்பினார். அதன் பிறகு கப்பல் சொன்னபடி கேட்டது. அத்தை அதைப் பார்க்கவில்லை.

"அவரு போன கப்பல கல்லு வெக்காம அனுப்பியிருப்பாங்களாண்ணா?"

அப்பா உளியைத் துடைத்து வைத்தார். "அதுல ஆளுங்க இருந்தாங்க இல்லம்மா. அந்தக் கனமே போதும்," என்றார்.

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. மாமா நெல் மூட்டையைத் தனி ஆளாகத் தூக்குவார் என்று அத்தையே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவர் கனத்துக்குக் கப்பல் அசையவே அசையாது என்று அவளிடம் போய்ச் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

மாமா கப்பலேறியது பஞ்ச வருஷத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. பட்டணத்துக்குப் புறப்பட்ட அன்று அவரால் நடக்க முடியாமல், அத்தைதான் தோளில் சாய்த்துக்கொண்டு போனாளாம். பிள்ளையைப் போல லேசாக இருந்தாராம். அந்தக் கப்பலில் போன மற்றவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.