காலியாக விட்ட மழைநாட்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணியதும் மழையை அளப்பார்கள். பழைய பதிவுகளில் பல நாட்கள் காலி. தோட்டக் கணக்கெழுதும் கிராணியான நான், அவை மழையில்லாத நாட்கள் என்றே நினைத்திருந்தேன். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் பெய்த மழையோடு ஒப்பிட்டுக் கற்றுக்கொண்டு, விட்டுப்போனதை ஊகிக்கும் கணினியோ, அந்த இடங்களிலெல்லாம் புயல்மழையை நிரப்பியது. வீட்டில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது கங்காணி போன் செய்தார்.

"கிராணியம்மா, பேய்மழை. இன்னிக்குப் பெரட்டு இல்ல லா."

"அப்ப மழைய யாரு அளக்கறது?"

"இதுல எவன் போவான்? எப்பவும்போல காலியா விட்டுருங்க."

கணினித் திரையை மீண்டும் பார்த்தேன். அத்தனை காலியிடமும் இப்படிப் பேய்மழையில் வந்ததுதானா? நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. தூங்கிய பிள்ளைகளை எழுப்பி, நனைந்தபடி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மேடு அன்று சரியவில்லை. ஆனாலும் பெரட்டு இல்லையென்றால் விடுமுறை என்று இப்போது மனம் துள்ளுவதில்லை. கதவைத் திறந்து முதலில் அந்த மேட்டைத்தான் பார்க்கிறேன்.