வெந்நீரில் போட்ட படம்

என் வீட்டுக்காரர் போர்ட் பிளேரில் கட்டட வரைபடம் போடும் அரசாங்க டிராப்ட்ஸ்மேன். படம் வரைந்து ஆபீசில் கழித்துப்போட்ட, கஞ்சி ஏற்றிய டிரேசிங் துணியை டெலானிபூர் குவார்ட்டர்ஸில் நாங்கள் யாரும் வீணாக்க மாட்டோம். வெந்நீரில் ஊறவைத்தால் கஞ்சியோடு மையும் கழன்று, மல் துணியாக வெளுத்து வரும். என் மகளின் சட்டையெல்லாம் அதில் தைத்ததுதான்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சண்டிகர் கட்டடங்களை ஏதோ பத்திரிகையில் பார்த்துவிட்டு, சாயங்காலமெல்லாம் டிரேசிங் துணியில் படம் போட்டார். தூண்மேல் தூக்கி நிறுத்திய சிமெண்ட் பெட்டிகள், வெயில் மறைக்கும் பலகைகள், அவற்றின் நிழல்கள். மூன்று மாசம் ஒரே படம். மெட்ராஸில் கண்காட்சிக்கு அனுப்பப் போகிறாராம்.

கப்பலுக்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"கால்மேல நிக்கிற நிக்கோபார் குடிசைக்குக்கூட ஏணி இருக்கு. உங்க படத்து வீட்டுல எப்படிங்க ஏறுறது? ஒரு மனுஷன்கூட இல்லையே!"

மூன்று மாசமாக எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத ஆத்திரம் எனக்கு. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் அடுப்படியில் இருந்தபோது படத்தைச் சுருட்டி, கழித்த துணிகள் கிடக்கும் மூலையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் ஆபீஸ் போனதும் மூலையில் கிடந்த சுருள்களை வெந்நீர் அண்டாவில் அமுக்கினேன். பத்து மணிக்கு பியூன் வந்தார்.

"பாபிஜி, சாப் படம் கேட்டாரு, ஜல்தி தேதோ, சீக்கிரம் குடுங்க. ஜஹாஜ் ரெண்டு மணிக்குக் கெளம்பிடும்."

மேஜையில் இல்லை. கட்டிலடியில் இல்லை. அண்டாவைத் திறந்தேன், தண்ணீர் கறுத்திருந்தது. கை வெந்தாலும் வேகட்டும் என்று இழுத்தேன். ஒரே ஒரு தூண் பாதி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் வழிந்துபோனது.

"அவரையே வரச் சொல்லுங்க" என்று பியூனை அனுப்பினேன். அடுத்த கப்பல் வருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிடும்.

மேட்டில் ஓடி வந்தவர் சொட்டுகிற துணியைப் பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"வேணும்னே பண்ணினியா?"

"சத்தியமா இல்லீங்க. கழிச்ச துணின்னு நெனச்சேன்."

"புள்ள தலையில கை வச்சுச் சொல்லு."

வைத்தேன். சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஆபீசுக்கே திரும்பிப் போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் எப்போதும் ஒவ்வொரு சுருளையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவேன். அன்றைக்கு விரிக்கவில்லை. அதை அவர் கேட்கவில்லை, நானும் கடைசிவரை சொல்லவில்லை.