ரைட்டர் வேலையை விட்டு ஜட்கா ஓட்டிய சவரிமுத்து

போன வெள்ளிக்கிழமை காலை பிரேசர் டவுன் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு குதிரை ஜட்கா என் பக்கத்தில் வந்து நின்றது. சவாரிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வேண்டாமென்று கையசைத்தேன். வண்டிக்காரர் இறங்கி வந்தார்.

"சவாரி இல்ல சாமி. நம்ம சவரி அண்ணா காலையில தவறிட்டாரு. உங்கள இட்டுக்கிணு வரச் சொல்லி அக்கா அனுப்பிச்சாங்க."

பையைக் கடையிலேயே வைத்துவிட்டு ஏறினேன். வண்டி ஒக்கலிபுரத்தில் சவரியின் வீட்டுக்குப் போனது.

சவரிமுத்துவை ஜட்காக்காரராக மட்டுமே அறிந்தவர்கள் உங்களில் பலர். ஜோகுபாளையத்துப் பழைய ஆட்களுக்கு அவர் ரைட்டர் சவரிமுத்து. கோட்டும் தலைப்பாகையுமாக ஆபீசுக்குப் போன குமாஸ்தா. இரண்டு பேரையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஒருவர் எப்படி மற்றவர் ஆனார் என்று சொல்ல இப்போது என்னை விட்டால் அவர் மனைவி ஞானம்மாள் மட்டுமே இருக்கிறார்.

நாங்கள் வேலை பார்த்தது காப்பித் தோட்டங்கள் நடத்திய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில். எனக்குத் தபால் மேஜை. சவரிக்கு ஆள் சேர்க்கும் வேலை. தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், தோட்டத்தில் என்ன வேலை, என்ன கூலி, என்னென்ன வசதி என்று எடுத்துச் சொல்லி, கைநாட்டு வாங்கி, ரயிலேற்றிக் கூட்டி வருவார். ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார். அதனால் துரைக்கு அவர்மேல் தனி மதிப்பு. ஒப்பந்தத்தை முறித்துத் தோட்டத்திலிருந்து ஓடிவருகிறவர்களுக்கு அந்த நாளில் சிறைத் தண்டனை உண்டு. ஓடிவந்தவர்களை அடையாளம் காட்டுவதும் அவர் வேலைதான்.

ஒரு மழைக்காலத்தில் அவரை முதல்முறையாகத் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். திரும்பி வந்த மூன்றாம் நாள் டிபன் வேளையில் என்னிடம் சொன்னார்.

"கோபாலு, அங்க ஒரு பொம்பளை. சின்னப்பொண்ணுன்னு பேரு. நான் சேர்த்துவிட்டவதான். காய்ச்சல்ல குழந்தை போயிடுச்சு. என்னைப் பார்த்ததும் கிட்ட வந்து, 'ஆஸ்பத்திரி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, அது எங்க இருக்குது?'ன்னு கேட்டா. திட்டல, அழல. இடம் தெரியாம கேக்கற மாதிரி கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? கம்பெனி என்கிட்ட சொன்னதை நான் அவங்ககிட்ட சொன்னேன். ஆஸ்பத்திரி எங்கேயும் இல்லப்பா."

அடுத்த மாதமே தோட்டத்திலிருந்து தந்தி வந்தது: புருஷனும் பெண்டாட்டியுமாக இருவர் ஓடிவிட்டார்கள், பெங்களூர் வழியாகத்தான் ஊர் திரும்புவார்கள். ஆபீசின் மேஸ்திரி முனியப்பா சிட்டி ரயிலடியில் ஒரு ஜோடியைச் சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அடையாளம் காட்டச் சவரியையும், உடனே பதில் தந்தி கொடுக்க என்னையும் அனுப்பினார் துரை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜோலார்பேட்டை வண்டி புறப்படத் தயாராக நின்றது. பிளாட்பாரத்தில் போலீஸ் தபேதார் ஒருவர். அவர் பக்கத்தில் அந்த ஆணும் பெண்ணும். சவரியைக் கண்டதும் அந்த ஆளின் கைகள் தாமாகவே கும்பிட எழுந்தன. அந்தப் பெண் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவள்தான் சின்னப்பொண்ணு என்று எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. முனியப்பா அதைக் கவனித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

"சொல்லுங்க ரைட்டரே, நீங்க இட்டுக்கிணு வந்த ஆளுங்கதானே?"

சவரி இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றார். கார்டு விசில் ஊதினார்.

"என்ன ரைட்டரே, கொத்தில்லையா, தெரியலையா? ஒரு தடவ பாத்தா மறக்காத ஆளாச்சே நீங்க!"

"இவங்களை நான் பார்த்ததே இல்ல" என்றார் சவரி.

முனியப்பா என் பக்கம் திரும்பினார். நான் அவர்களை அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை, அதையே சொன்னேன். தபேதார் சலித்துப்போய்க் கையை ஆட்டினார். இருவரும் ஓடி, நகர ஆரம்பித்துவிட்ட வண்டியில் தொற்றி ஏறினார்கள். சவரி வேர்வையைத் துடைக்கக்கூட இல்லை. கடைசிப் பெட்டி மறைந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

மறுநாள் காலை துரை எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். முனியப்பா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். "உண்மையைச் சொல். அவர்களை உனக்குத் தெரியுமா?" என்று துரை கேட்டார். தெரியாது என்று மறுபடியும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"தெரியும் ஐயா. நேற்றுப் பொய் சொன்னேன். இந்நேரம் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்" என்றார் சவரி.

துரை முகம் சிவந்து எழுந்தார். கோர்ட்டில் நிறுத்தி உன்னை உள்ளே தள்ளுவேன் என்றார்.

"கோர்ட்டில் நிறுத்துங்கள். ஆஸ்பத்திரி எங்கே என்று அங்கேயும் கேட்பார்கள். இந்தத் தடவை நான் பதில் சொல்லிவிடுகிறேன்."

துரை மெல்ல உட்கார்ந்தார். அவர் போகச் சொல்வதற்குமுன் சவரியே வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கோர்ட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. ஆனால் போலீஸ் எப்போது வரும் என்று ஞானம்மாள் பல வாரங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு ஆபீஸ் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது சவரி மறுத்தார். "எந்த ஆபீஸ்னாலும் எனக்குத் தெரியாத ஒண்ணை நான் தெரிஞ்ச மாதிரி சொல்லணும். இதுவரைக்கும் சொன்னதே போதும்" என்றார். பிரேசர் டவுனில் வயதான ஒரு பாயிடம் குதிரையும் ஜட்காவும் வாங்கினார். ஞானம்மாளுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று நடந்தே போனார். சவரி வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே போனார். ஜோகுபாளையமே பார்த்தது. மாதா கோயில் வாசல்வரை அவர் ஏறவும் இல்லை, இவர் விலகவும் இல்லை.

பிறகு ஒக்கலிபுரத்துக்கு வீடு மாற்றினார்கள். ரயிலடி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் சவரி. ஏன் என்று அப்போது புரியவில்லை. தர்மபுரியிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கும்போதெல்லாம் அவர் வண்டியை நிறுத்திவிட்டு அவர்களிடம் போவார். "ஆஸ்பத்திரி இருக்குன்னு சொன்னாங்களா? இல்ல. நான் கண்ணால பார்த்தவன். போறதும் போகாததும் உங்க இஷ்டம், ஆனா தெரிஞ்சு போங்க" என்பார். பெரும்பாலோர் போகத்தான் செய்தார்கள். ஊரில் மழை இல்லை. சிலர் திரும்பினார்கள்.

இதை நிறுத்தும்படி முனியப்பா முதலில் நயமாகச் சொன்னார், பிறகு மிரட்டினார். ஒருநாள் பட்டப்பகலில் நான்கைந்து பேர் ஜட்காவைக் கவிழ்த்தார்கள். சவரிக்குத் தோளெலும்பு முறிந்தது. குதிரை பிழைத்தது. அடுத்த வாரம் கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, வண்டி இல்லாமல், ரயிலடியில் அதே இடத்தில் போய் நின்றார். பயத்தில் நானும் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போயிருந்தேன். ஆட்கள் இறங்கினார்கள். முனியப்பாவின் ஆட்கள் நெருங்கி வந்தார்கள். சவரி வாயைத் திறந்தார். வலியில் குரல் எழும்பவில்லை.

அப்போது எங்கிருந்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானம்மாள் வந்தார். புருஷனின் பக்கத்தில் நின்று, அவர் சொல்லும் அதே வார்த்தைகளைப் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "தெரிஞ்சு போங்க!" என்று முடித்தபோது ரயிலடிக் கூலிக்காரர்களும் ஜட்காக்காரர்களும் அவர்களைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். முனியப்பா அன்று கை வைக்கவில்லை. பிறகும் வைக்கவில்லை.

காலம் போனது. சிறைக்கு அனுப்பும் அந்தச் சட்டமும் போனது. தோட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள் என்று நான்தான் சவரிக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை, தாமே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இருக்கு. டாக்டர் வாரத்துல ஒருநாள்தான் வர்றாரு" என்று அதையும் ரயிலடியில் சொல்ல ஆரம்பித்தார். தம்மால்தான் அது வந்தது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நான் அந்தக் கம்பெனியிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். அதற்காக அவர் என்னைக் குறைத்துப் பேசியதும் இல்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். உச்சிப்பொழுது. ஆபீஸ் வேலையை விட்டதில் வருத்தம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டேன். "உண்டு. ஆபீசுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. குதிரைக்கு ஞாயிறு தெரியலையே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே தூங்கிப்போனார். ஞானம்மாள் வந்து போர்வையை இழுத்துவிட்டு, "அந்த வேலையில இருந்தவரைக்கும் இவர் ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே கெடப்பாருண்ணா. உங்களுக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியாதுதான். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பகல் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. தெருவில் வண்டிகள் சத்தம் போட்டுக்கொண்டு போயின. அவர் புரளவில்லை.