ஐலா வைத்த காற்றுப் பெட்டி

நவம்பர் மூன்றாம் வாரத்தில் எரிவாயு ஆய்வாளர் வந்து, ஐலா கிவெலாவின் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். உள்ளே இரும்பு விரிசல் விட்டிருந்தது. இனிப் பற்றவைத்தால் வீட்டுக்குள் விஷப்புகைதான். கனடாவின் தண்டர் பே நகரத்தில் நவம்பரில் வீட்டுக்குள் சூடு இல்லையென்றால் வீடே இல்லையென்றுதான் அர்த்தம்.

ஊரின் மறுகோடியிலிருந்து மகன் கலெர்வோ அன்று மதியமே வந்துவிட்டான்.

"போதும்மா, வித்துடலாம். ஏரிக்கரைல அந்த முதியோர் குடியிருப்புல ஒரு எடம் காலியா இருக்கு. பேசி வச்சிருக்கேன்."

"ஃபர்னஸ்தானடா செத்துச்சு, நானா செத்தேன்?"

ஐலாவுக்கு அறுபத்தெட்டு வயது. தாள் ஆலையின் கொதிகலன் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். சேர்ந்த முதல் நாள் அங்கிருந்த ஆண்கள் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். மறுபேச்சில்லாமல் கூட்டினாள். கூட்டி முடித்து நிமிர்ந்தவள், "அந்த மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போயிட்டிருக்கு, பாக்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு யாரு?" என்று கேட்டாள். அதோடு துடைப்பம் அவள் பக்கம் வரவேயில்லை.

இப்போதும் அவளிடம் ஒரு யோசனை இருந்தது. நிலவறையில் இருந்த வெந்நீர் டேங்க் போன வருஷம்தான் வைத்தது, பெரியது. அதன் சுடுநீரைக் குழாய் வழியே ஒரு காற்றுப் பெட்டிக்குக் கொண்டுபோனால் போதும். பெட்டிக்குள் இருக்கும் செப்புச் சுருளில் தண்ணீர் ஓடும், விசிறி அதன்மேல் காற்றை ஊதும், பழைய ஃபர்னஸின் தகரக் காற்றுவழிகளே சூட்டை அறைகளுக்குக் கொண்டுபோகும். புதிதாக நெருப்பு எதுவும் வேண்டாம். நகராட்சியில் அனுமதிச் சீட்டு கேட்டபோது, வேலை செய்யப்போகும் குழாய்க்காரர் பெயர் என்ன என்றாள் அங்கிருந்த பெண். "என் பேரையே எழுதும்மா" என்றாள் ஐலா.

கலெர்வோ தலையில் கை வைத்துக்கொண்டான். "சரி. அடுத்த வாரம் சனிக்கிழமை வழக்கம்போல சவுனாக் குளியலுக்கு வர்றேன். வீட்டுல இருபது டிகிரி இருந்தா வாயே தெறக்க மாட்டேன். இல்லேன்னா வீட்டை விக்க நீ கையெழுத்துப் போடற."

"பேனாவும் நீயே கொண்டு வா."

பக்கத்து வீட்டு வேய்க்கோவும் அவளும் சேர்ந்து பழைய ஃபர்னஸை வெளியே இழுத்துப்போட்டார்கள். சிவப்புச் சீட்டை மட்டும் ஐலா கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புதிய பெட்டியை இறக்கும்போது வேய்க்கோ மூச்சு வாங்கினான். "இந்த வயசுல இதெல்லாம் உனக்குத் தேவையா ஐலா?"

"உன் பக்கம்தான் தாழுது. தூக்கு."

வெள்ளிக்கிழமை மாலை பம்ப் ஓடியது, விசிறி சுழன்றது, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் வந்த காற்றோ மாட்டின் மூச்சுப்போல வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே மைனஸ் இருபத்தேழு டிகிரி உறைகுளிர். சனிக்கிழமை காலையில் வீட்டுக்குள் பதினைந்துதான்.

ஐலா நிலவறையில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்த்தாள். தவறு எங்கே என்று கைக்குத் தெரிந்துபோனது. டேங்கின் வாயருகே ஒரு கலப்பு வால்வு உண்டு. குளிப்பவர் மேல் சுடாதபடி பச்சைத்தண்ணீரைச் சேர்த்துவிடும். பெட்டிக்குப் போகும் குழாயை அவள் அந்த வால்வைத் தாண்டித்தான் இணைத்திருந்தாள். தெரியாமல் செய்யவில்லை, அந்தச் சூடே போதுமென்று நினைத்திருந்தாள். வால்வுக்கு முன்னால் இருந்த ஒரே இணைப்பு, காய்ந்த கல்லில் ஆவி எழுப்பிக் குளிக்கும் சவுனா அறைக்குப் போனது. வாளியில் அவரவர் கையால் கலந்து ஊற்றிக்கொள்ளக் கொதிக்கிற தண்ணீர் வேண்டுமென்று, இறந்துபோன கணவன் ஊர்ஹோ வைத்த குழாய் அது. சனிக்கிழமைச் சவுனாவில் கைவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வேய்க்கோ படியில் நின்றபடி பார்த்தான். "ஒண்ணு சவுனா, இல்லேன்னா சூடு. எதை விடப்போற?"

"ரெண்டையும் விடமாட்டேன்."

டேங்கின் தண்ணீரை அடைத்தாள். ஊர்ஹோவின் குழாயின்மேல் ஒரு கணம் உள்ளங்கையை வைத்திருந்துவிட்டு, அறுத்தாள். அந்த வாயிலேயே பெட்டிக்கான குழாயைப் பற்றவைத்து இணைத்தாள். மதியம் ஒன்றரைக்குத் தண்ணீரைத் திறந்தபோது, வந்த காற்று முகத்தைச் சுட்டது.

ஐந்து மணிக்குக் கலெர்வோ துண்டும் பேனாவுமாக வந்தான். சுவரிலிருந்த வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. அதை விரலால் இரண்டுமுறை தட்டிப்பார்த்தான்.

"அது பொய் சொல்லாது. மேல் கோட்டைக் கழட்டு, வேர்க்கும்" என்றாள் ஐலா.

அவன் விடுவதாக இல்லை. நேராகச் சவுனா அறைக்குள் போனான். "அப்பாவோட குழாயக் காணோம். இப்ப எதுல குளிப்போம்?"

விறகடுப்பின்மேல் கற்களுக்குப் பக்கத்தில் பெரிய அலுமினியப் பானை ஒன்று ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. "கல்லு காயறதுக்கு எப்படியும் நெருப்பு போடறோம். தண்ணியும் அதுலயே காயட்டும். மொண்டு ஊத்திக்கக் கை இருக்குல்ல?"

கலெர்வோ பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகப்போனான்.

"இரு." ஐலா சிவப்புச் சீட்டை எடுத்து வெற்றுப் பக்கத்தைத் திருப்பி அவன்முன் வைத்தாள். "இருபத்தொண்ணுன்னு எழுது. தேதி போடு. கீழ கையெழுத்தும் போடு, உன்னுது."

அவன் போட்டுக் கொடுத்தான். அவள் அதைக் காற்றுப் பெட்டியின் நெற்றியில் ஒட்டிவிட்டு, பானையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கப் போனாள்.