முட்டை மார்க் வாங்கியவர்

பத்திரிகை அலுவலகத்திலும் தொலைக்காட்சிக்காரர்களிடமும் அவளுக்கு மார்க்கம்மா என்று பெயர். பதினாறு வருடங்களாக வெள்ளிக்கிழமைதோறும் ஏழாம் பக்கத்தில் அவளுடைய பத்தி வரும். அந்த வாரம் புதிதாகத் தொடங்கும் தொடர்கள், போட்டிகள், அரட்டை நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். ஆறு போட்டால் தாராளம். மூன்று போட்டால் தயாரிப்பாளர்கள் ஆசிரியருக்குப் போன் போட்டுக் குதிப்பார்கள். ஆசிரியர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

சேனல்காரர்கள் முதல் பகுதிகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். செவ்வாயும் புதனும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மடியில் நோட்டோடு சோபாவில் உட்காருவாள். பக்கத்தில் நாத்தனார். கணவர் போன பிறகு அந்த இரண்டாம் மாடி வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். நாத்தனார் முப்பது வருடம் ஆண்களுக்குச் சட்டை தைத்தவள். கதை எக்கேடு கெட்டாலும் அவளுக்குக் கவலையில்லை. துணியைத்தான் பார்ப்பாள். “மந்திரியாம். ரெண்டு கையும் ஒரே நீளத்துக்கு இல்ல. இவன் நாட்டை ஆளப்போறான்” என்பாள். இந்த மாதிரி வாக்கியங்கள் சில சமயம் அப்படியே பத்தியில் ஏறிவிடும்; பெயர் மட்டும் மார்க்கம்மாவுக்கு.

அந்தச் சட்டையை முதலில் கண்டதும் நாத்தனார்தான்.

ஒரு மருத்துவமனைத் தொடர். கதாநாயகி தாழ்வாரத்தில் அழுதுகொண்டே ஓடுகிறாள். தூரத்துப் பெஞ்சில் ஒருவன் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

“நிறுத்து, நிறுத்து. இந்தச் சட்டைய போன வாரம் பார்த்தோமே. அந்தப் பாட்டுப் போட்டியில, கடைசி வரிசைல.”

“நீலக்கோடு போட்ட சட்டை உலகத்துல ஒண்ணுதான் இருக்கா அண்ணி?”

“கோடு ஆயிரம் இருக்கும். இடது தோளைப் பாரு. கோடும் கோடும் சேராம ஒரு விரல் தள்ளி நிக்குது. இப்படி வெட்டின புண்ணியவான் ஒருத்தனாத்தான் இருப்பான்.”

பாட்டுப் போட்டியை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், அதே முதுகு, அதே தோள். வேறு சேனல், வேறு தயாரிப்பாளர். துணை நடிகர்கள் நாலு இடத்துக்கும் போகிறவர்கள்தானே என்று மார்க்கம்மா விட்டுவிட்டாள். ஆனால் அடுத்த வாரம் துப்பறியும் தொடரில், கொலை நடந்த வீட்டுக்கு எதிர் ஜன்னலில் அவன் நின்றான். கடல் கடந்து எடுத்த பயண நிகழ்ச்சி ஒன்றில் கடற்கரையில் நடந்துபோனான். முதலில் முதுகு மட்டும். பிறகு ஒரு காது. அப்புறம் கன்னத்தில் பாதி. வாரத்துக்கு வாரம் அவன் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதை இரண்டு பேருமே கவனித்தார்கள். அதைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு அந்தக் கார்ட்டூன் வந்தது. பள்ளிக்கூடம் போகும் ஒரு நாய்க்குட்டியின் கதை. பஸ் நிறுத்தத்தில் வரைந்த மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்றவனுக்கு நீலக்கோடு சட்டை. இடது தோளில் கோடுகள் சேரவில்லை.

நாத்தனார் எழுந்துபோய்த் திரைச்சீலையை முழுசாகத் திறந்துவிட்டாள். வெயில் உள்ளே வந்து விழுந்ததில் தொலைக்காட்சித் திரை வெளுத்துப்போயிற்று.

மார்க்கம்மா படம் வரைந்தவருக்குப் போன் செய்தாள். “அந்த பஸ் ஸ்டாப்ல நாலு பேரத்தான் வரைஞ்சோம் மேடம்” என்றார் அவர். அவள் எண்ணியபோது ஐந்து பேர் இருந்தார்கள்.

அடுத்து, துணை நடிகர்களை அனுப்பிவைக்கும் ஏஜென்டைப் பிடித்தாள்.

“கோடு போட்ட சட்டைதானே? தெரியும் மேடம். எல்லா செட்லயும் இருப்பாரு. நான்தான் அனுப்பினேன்னு அவங்க நினைச்சிருக்காங்க, அவங்கதான் கூப்பிட்டாங்கன்னு நான் நினைச்சிருக்கேன்.”

“பேரு என்ன?”

“கேட்டதில்ல மேடம். சாப்பாட்டு வரிசைல நிக்கமாட்டாரு, வண்டியில ஏறமாட்டாரு. லைட்டப் போட்டா இருப்பாரு. அவ்வளவுதான்.”

அந்தப் புதன்கிழமை ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில், பார்வையாளர்களின் மூன்றாம் வரிசையில், முகம் முழுசாகத் தெரிந்தது. மார்க்கம்மாவின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அவளுக்கு அந்த முகம் தெரியும்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய இதழ்களைக் கட்டிவைத்திருக்கும் அறைக்குப் போய், எட்டு வருடத்துக்கு முந்தைய கட்டை இறக்கிப் புரட்டினாள். புதிதாக வந்த ஒரு நகைச்சுவை நடிகரைப் பற்றி அவள் எழுதியது இருந்தது. ‘சிரிக்க வைப்பது இருக்கட்டும். இந்த மனிதர் வந்து நின்ற பிறகும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.’ மார்க் சைபர். பதினாறு வருடத்தில் அவள் போட்ட ஒரே முட்டை. அலுவலகம் முழுக்க ஒரு மாதம் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவளும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தாள். மூன்றே பகுதியோடு நிகழ்ச்சி நின்றுபோனது. கீழே சின்னதாக ஒரு புகைப்படம். நீலக்கோடு சட்டை.

ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. அங்கே இங்கே விசாரித்ததில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் முகவரி கிடைத்தது. மன்னிப்புக் கேட்பதா, துக்கம் கேட்பதா என்று தெரியாமலே கிளம்பிப்போனாள்.

கடைக்குள் நுழைந்ததும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தொந்தியும் தொப்பையுமாக ஒருவர் எழுந்தார்.

“அட, மார்க்கம்மா! பேப்பர்ல வர்ற போட்டோ மாதிரியே இருக்கீங்களே. எனக்கு முட்டை போட்ட கைய முதல்ல குடுங்க!” கடை அதிரச் சிரித்தார். “நீங்க போட்ட முட்டையிலதாங்க இந்தக் கடையே பொரிஞ்சுது.”

அவர் மனைவி உள்ளிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். மார்க்கம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“இப்பவும் ஷூட்டிங்குக்குப் போறீங்களா சார்?”

“நானா? ஷோ நின்ன அன்னிக்கு, மேக்கப் ரூம்ல சட்டையக் கழட்டிப் போட்டுட்டு பனியனோட வீட்டுக்கு வந்தவன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல.”

அவள் கைப்பேசியில் அந்த வினாடி வினாவைக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். மூன்றாம் வரிசையில் இருப்பவனுக்குக் கேள்விக்கு விடை தெரிந்துவிடுகிறது. முகம் மலர்கிறது. சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்புகிறான், சொல்ல ஆளில்லை. மறுபடி முன்னால் பார்க்கிறான். நாலு நொடிதான். கடைக்காரர் அதை மூன்று தடவை பார்த்தார்.

“எனக்கு நடிக்க வரலைன்னு எழுதினீங்க. நிஜந்தாங்க, வரல” என்றார். “இவனுக்கு வருது.”

சுவர் நிறைய மாட்டியிருந்த கண்ணாடிகளில் தெரு தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

“சட்டைய மட்டும்தான் விட்டுட்டு வந்தேன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “பாவம், எட்டு வருஷமா அங்கயே நிக்கறான். இவனப் பத்தி ரெண்டு வரி நல்லதா எழுதுங்களேன்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்த புதுத் தொடரில் ஒரு ரயில் நிலையக் காட்சி இருந்தது. ஓடி வந்த பெண் நடைமேடையில் நிற்பவனிடம் மணி கேட்கிறாள். கோடு போட்ட சட்டைக்காரன் திரும்பி, “ஒன்பதே கால்” என்கிறான். ரயில் போய்விட்டது என்பதும், அவளுக்காகத் தான் வருந்துவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தன. குரல் கடைக்காரரின் குரலேதான்.

“உடம்பெல்லாம் புல்லரிக்குதுடி” என்று நாத்தனார் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

மார்க்கம்மா எழுதினாள்: ‘இந்த வாரத்தின் மிகச் சிறந்த நடிப்பு, நடைமேடையில் மணி சொன்னவருடையது. பத்துக்கு ஒன்பது.’ ஆசிரியர் நடிகர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். “இதுல அப்படி யாரும் இல்லையேம்மா?” “பட்டியல்ல இல்ல சார். ஆனா இருக்கார்” என்றாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கடைக்காரரின் மனைவி போன் செய்தாள்.

“எழுந்ததுலேருந்து அவருக்கு குரலே வரல மேடம். டாக்டர் பார்த்துட்டு தொண்டை சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாரு. இவரு உங்க பேப்பர முன்னால வெச்சுக்கிட்டு சிரிச்சிட்டே உட்கார்ந்திருக்காரு. எனக்கு பயமா இருக்கு. கொஞ்சம் வாங்களேன்.”

போனாள். அவர் வழக்கமான ஸ்டூலில்தான் இருந்தார். அவளைக் கண்டதும் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினார்: ‘நல்லா சொன்னானா?’

மார்க் விஷயத்தில் அவள் பொய் சொன்னதேயில்லை. “நல்லா சொன்னார் சார்.”

மகன் முதல் வகுப்பில் தேறியதைக் கேட்ட அப்பாவைப் போல அவர் முகம் பூரித்தது. மறுபடி எழுதினார்: ‘அடுத்தது பெரிய வேஷம் கிடைக்குமா?’

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரர் உட்கார்ந்திருந்த ஸ்டூலையும் பார்த்தார். கண் அங்கே தங்காமல் நழுவிப்போயிற்று.

“என்னம்மா, ஓனர் இல்லையா?” என்றார் மனைவியிடம். “எப்ப வருவாரு?”

கடைக்காரர் கையை உயர்த்தி ஆட்டினார். வந்தவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மார்க்கம்மா அன்றே ஆசிரியர் முன்னால் போய் நின்றாள். இனி பத்தி எழுதுவதில்லை, எந்த நிகழ்ச்சியையும் பார்ப்பதுமில்லை என்றாள். அவர் கெஞ்சினார், கோபித்தார், விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் நாத்தனார் வேறு வழி சொன்னாள்.

“அவனுக்கும் ஒரு முட்டையப் போட்டுடேன். இவரு பழையபடி ஆயிடுவாரு.”

“எதுக்கு அண்ணி முட்டை? ஒன்பதுக்கு நடிச்சவருக்கு முட்டை போடணுமா? ஒரு தடவை போட்டதுக்கே இந்தப் பாடு. என்னால ஆகாது.”

தொலைக்காட்சிப் பெட்டியைக் கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். தினமும் அலுவலகம் போகும் வழியில் கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். பேசுவது அவள் மட்டும்தான். வருகிறவர்கள் சில நாள் அவரைக் கண்டார்கள், சில நாள் காணவில்லை. இருபதாம் நாள் அவர் உள்பக்கம் திரும்பி, “தண்ணி கொண்டா!” என்று கத்தினார். மனைவி சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். குரல் கரகரவென்றிருந்தது, அது பிறகும் சரியாகவில்லை.

இப்போது அவள் வாசகர் கடிதங்களைத் திருத்துகிறாள். ஆசிரியர் பழைய பத்திக்கு வேறொருவரைப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தை அவள் பிரிப்பதில்லை. நாத்தனார்தான் மத்தியானமானால் கீழ் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என்ன பார்த்தாள் என்று இவள் கேட்கமாட்டாள், அவளும் சொல்லமாட்டாள்.

போன வாரம் ஒருநாள் நாத்தனார் சீக்கிரமே மேலே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“சொல்ல வேண்டாம் அண்ணி.”

“நான் ஒண்ணும் சொல்லல. தொடர்ல அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பொண்ணு முகத்த இன்னும் காட்டல. முதுகு மட்டும்தான்.”

மார்க்கம்மா கையிலிருந்த கடிதத்தை வைத்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டாள். ஐந்து தடவை மணி அடித்தது. ஆறாவதில் எடுத்தாள் கடைக்காரரின் மனைவி. “ஹலோ... ஹலோ, யாரு?” பின்னால் கரகரத்த குரல் யாரையோ மூக்குக்கண்ணாடி பிரேமை நேராக மாட்டச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தது.

“நான்தாம்மா” என்றாள் மார்க்கம்மா. “சும்மாதான். நீ பேசு, கேட்டுக்கிட்டிருக்கேன்.”